கனடாவுக்கு வர்ற தங்கச்சிக்கு, என்ன உடுத்துறதுன்னு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுறேன். இங்க மாமா, பாப்பா, மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் நல்லா இருக்கோம். உங்க வீட்டுக்காரருக்கு கால் வீக்கம் இப்ப எப்படி இருக்கு, டாக்டர்ட்ட காமிச்சீங்களா இல்லையா. அன்னிக்கு போன்ல "அங்க வந்தா நான் என்னத்தக்கா உடுத்துறது"ன்னு கேட்ட, பதில் சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு. வாய்ஸ் மெசேஜ் போட்டா நீ பாதி கேட்டுட்டு வச்சிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், பேரன் தமிழ் கீபோர்டு போட்டு குடுத்திருக்கான்.

சேலைய விட்டுருன்னு நான் சொல்ல வரல. வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடுறதால 21, 22 டிகிரி இருக்கும், சுங்குடி கட்டிக்கிட்டு மேல ஒரு ஸ்வெட்டர் போட்டா போதும். சிந்தடிக் சேலை மட்டும் எடுத்துட்டு வந்துராத. குளிர்காலத்துல வீட்டுக் காத்து காஞ்சு கெடக்கும், சிந்தடிக் காலோட ஒட்டிக்கிட்டு நடக்கவே விடாது, கதவுக் கைப்பிடியத் தொட்டா சுருக்குன்னு ஷாக் அடிக்கும். காட்டன்ல அந்த தொந்தரவு ரொம்ப கம்மி. நைட்டி ரெண்டு மூணு கொண்டா, ஆனா நம்ம ஊர்ல நைட்டிக்கு மேல துண்டப் போட்டுக்கிட்டு பால் வாங்க இறங்குற மாதிரி இங்க முடியாது, குப்பைத் தொட்டிய வாசலுக்கு உருட்டிட்டு போகக்கூட கோட்டு மாட்டணும்.

வாசல் தாண்டினா சேலை ரொம்ப கஷ்டம். பனி விழுந்தா ரோட்டுல உப்பு போடுவாங்க, அது கரைஞ்சு சாம்பல் கலர்ல சகதியா நிக்கும், சேலைக் கரை அதுல தோஞ்சு கணுக்கால் வரைக்கும் ஈரமாயிரும், காஞ்சா வெள்ளை வெள்ளையா உப்புக் கோடு. மேல எவ்வளவு கனமான கோட்டு போட்டாலும் கீழ பாவாடைக்குள்ள காத்து ஏறும். பஸ்ல ஏறுறப்ப ஒரு கையில கொசுவத்தப் புடிக்கணும், இன்னொரு கையில கம்பியப் புடிக்கணும், பையை எந்தக் கையில புடிக்கிறது? கென்னடி ஸ்டேஷன்ல எஸ்கலேட்டர்ல கால வைக்கிறப்ப எல்லாம் சேலை நுனி மாட்டிக்குமோன்னு நெஞ்சு அடிச்சுக்கும். நம்ம வயசுல விழுந்தா இடுப்பெலும்பு போச்சு. அதனாலயே மொத குளிர்காலம் பூரா பாப்பா கார்ல கூட்டிட்டு போனாத்தான் வெளிய, இல்லைன்னா இல்ல. மதுரையில கீழமாசி வீதிக்கு தனியா போய் மாசச் சாமான் பேரம் பேசி வாங்கிட்டு வந்தவ நான், ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கு பொண்ணு எப்ப ஆபீஸ்ல இருந்து வருவான்னு காத்துக் கெடக்குறது எனக்கு தாங்கல.

சரி கடைக்கு போய் வாங்குவோம்னு போனா, அங்க இன்னொரு கஷ்டம். மால்ல தொங்குற துணியெல்லாம் இருபது வயசுப் பொண்ணுங்களுக்கு தச்சது, சட்டை தொப்புளோட நின்னுருது, பேன்ட்டு இடுப்புல இறங்கி நிக்குது. இல்லைன்னா வயசானவங்களுக்குன்னு சாக்கு மாதிரி ஒண்ணு, காவியும் இல்லாம சாம்பலும் இல்லாம ஒரு கலர்ல. அறுபது தாண்டினா உடம்பு மாறிருதுல்ல, ரெண்டு புள்ளை பெத்த வயிறு, கர்ப்பப்பை எடுத்த வயிறு, சுகர் வந்தவங்கள்ல சில பேருக்கு தோள்பட்டை இறுகிப் போயிருது, கைய தலைக்கு மேல தூக்கி சட்டையை மாட்டவே முடியாது. எனக்கு இடது தோள் அப்படித்தான் இருந்துச்சு, தலை வழியா மாட்டுற டிரஸ்ஸ பாத்தாலே கண்ணு கலங்கும். முன்பக்கம் பட்டன் வச்ச முழுக்கை சட்டை, இடுப்புல எலாஸ்டிக் வச்ச பேன்ட்டு, கை விட்டா முழுசா உள்ள போற பாக்கெட்டு, இவ்வளவுதான் வேணும், இத தேடி எத்தனை கடை ஏறி இறங்குறது? ஆம்பளைங்க பேன்ட்ல நாலு பாக்கெட்டு இருக்கு, பொம்பளைங்க பேன்ட்ல வெறும் தையல் கோடு போட்டு பாக்கெட்டு மாதிரி காட்டி வச்சிருக்கான். இங்க எனக்கு பஸ் கார்டு, வீட்டுச் சாவி, போன், மூக்கு துடைக்கிற டிஷ்யூ நாலும் உடம்போட இருக்கணும், கையில பை இருந்தா வழுக்குறப்ப கம்பியப் புடிக்க முடியாது.

அப்புறமா பாப்பா சொல்லித்தான் தெரிஞ்சது, பெட்டிட்னு ஒரு சைஸ் வரிசை இருக்கு. அது ஒல்லியானவங்களுக்குன்னு நெனச்சிராத, அஞ்சடி நாலு அங்குலத்துக்கு கீழ உயரம் இருக்கிறவங்களுக்கு, அகலம் நமக்கு வேணுங்கிற அளவு கிடைக்கும், நீளம்தான் கம்மி. உனக்கும் எனக்கும் அதுதான். சாதா சைஸ் பேன்ட்டு வாங்கினா கீழ ஒரு சாண் மடிச்சுத் தைக்கணும், அந்த தையல் கூலி பேன்ட்டு விலையில பாதிக்கு வந்துரும். முன்னாடி ஹட்சன்ஸ் பேன்னு ஒரு கடை இருந்துச்சு, 1670ல ஆரம்பிச்ச கம்பெனியாம், பெரியவங்களுக்கு நிதானமா எடுத்துக் காட்டுவாங்க, அதையும் 2025 ஜூன்ல எல்லா ஊர்லயும் மூடிட்டாங்க, எனக்கு நிஜமாவே வருத்தம். இன்னொரு விஷயம், என்னை மாதிரி குள்ளமா தோள் குறுகலா இருக்கிறவங்களுக்கு பொம்பளைப் புள்ளைங்க செக்‌ஷன்ல 14, 16 சைஸ் கோட்டு அளவா இருக்கும், விலையும் கம்மி, அதோட நாங்க இருக்கிற ஆன்டாரியோ மாகாணத்துல துணிக்கு 13 சதவீதம் வரின்னா சின்னப் புள்ளைங்க சைஸுக்கு 5 சதவீதம்தான், யாரு போடுறான்னு பாக்குறதில்ல.

எனக்கு வழி காட்டினது கடைக்காரங்க இல்ல, மத்த நாட்டுப் பாட்டிங்கதான். டொரன்டோல நாங்க இருக்கிற ஸ்கார்பரோ பகுதியில அஜின்கோர்ட் பக்கம் சீனாக்காரங்க நிறைய. அந்தப் பாட்டிங்க காலையில வாக்கிங் வருவாங்க, பஞ்சு வச்சு தச்ச கையில்லாத மேலுடுப்பு, பூப் போட்டது, கீழ லூசான பேன்ட்டு, கையை நல்லா வீசி வீசி நடப்பாங்க. பிராம்ப்டன்ல மாப்பிள்ளையோட ஃபிரண்டு வீட்டுக்கு போனப்ப பாத்தேன், பஞ்சாபிப் பாட்டிங்க சல்வாரு, மேல கார்டிகன், கால்ல நல்ல வாக்கிங் ஷூ, தலையில துப்பட்டா, பார்க்குல பத்துப் பேரு வட்டமா உக்காந்து பேசிட்டு இருக்காங்க, ஒருத்திகூட தன் துணிய நெனச்சு கூச்சப்படல. அவங்க தன் ஊர் உடுப்பையும் விடல, இந்த ஊர் குளிரையும் சமாளிக்கிறாங்க, நமக்கு மட்டும் ஏன் முடியாதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தைரியம் வந்துச்சு.

இப்ப நான் போடுறது இதுதான், நல்லா கேட்டுக்க. உடம்போட ஒட்டுற மாதிரி தெர்மல்னு குளிருக்குப் போடுற உள்ளுடுப்பு, மேலுக்கும் காலுக்கும், அது காட்டனா இருக்கக்கூடாது, காட்டன் வேர்வைய உறிஞ்சி வச்சுக்கிட்டு அப்புறம் ஜில்லுன்னு ஆக்கிரும், மெல்லிசு கம்பளி இல்லைன்னா பாலியஸ்டர். அது மேல முழங்கால் வரைக்கும் குர்தா, ரெண்டு பக்கமும் கட் வச்சது. கீழ உள்பக்கம் ஃப்ளீஸ்னு மெத்துன்னு இருக்கிற துணி வச்ச எலாஸ்டிக் பேன்ட்டு. மேல முழங்கால் தாண்டி இறங்குற கோட்டு, மேல இருந்தும் கீழ இருந்தும் திறக்கிற ஜிப்பு இருக்கணும், பஸ்ல உக்காருறப்ப கீழ இருந்து திறந்து விட்டுக்கலாம். காத்தோட சேத்து மைனஸ் 20 போற நாள்லகூட இதப் போட்டுக்கிட்டு நான் தனியா தமிழ்க் கடைக்கு போய் முருங்கைக்காய் வாங்கிட்டு வர்றேன், யாரையும் எதிர்பாக்குறதில்ல.

பாடி பத்தியும் சொல்லணும், உங்கிட்ட என்ன கூச்சம். பின்பக்கம் ஹூக் போட நம்ம கை போகாது, இங்க முன்பக்கம் ஹூக் வச்சது, அகலப் பட்டையோட கிடைக்குது, அத இங்கயே வாங்கிக்கலாம். பூட்ஸும் இங்கதான், பக்கத்துல ஜிப்பு வச்சதா, அகலமா பாத்து வாங்கணும். நம்ம மெட்டி கம்பளி சாக்ஸ்ல மாட்டி நூல உருவி எடுத்துரும், பூட்ஸுக்குள்ள பக்கத்து விரல அமுக்கி ரணமாக்கிரும், அதனால வர்றப்பவே முத்து, வேலைப்பாடு இல்லாத தட்டைக் கம்பி மெட்டியா மாத்திக்கிட்டு வா.

நான் பேன்ட்டுல நிக்கிற போட்டோவ பாத்துட்டு நம்ம சொந்தக்காரங்க குரூப்புல "வயசான காலத்துல இது என்ன கோலம்"னு ஒருத்தர் போட்டிருந்தாரு, நீ பதில் சொல்லாம விட்டுட்டேன்னு வருத்தப்பட்ட. வருத்தப்படாத. அவரு அமெரிக்கா போனப்ப வேட்டியா கட்டிட்டு போனாரு? பொங்கலுக்கு இங்க ஜனவரில ஹால் எடுத்து நல்லா கொண்டாடுவாங்க, 2016ல கனடா பார்லிமென்ட்லயே ஜனவரிய தமிழ் மரபுத் திங்கள்னு தீர்மானம் போட்டிருக்காங்க, அன்னிக்கு நானும் பட்டு கட்டிக்கிட்டுதான் போறேன், உள்ள தெர்மல், கால்ல பூட்ஸ், ஹாலுக்கு போய் செருப்பு மாத்திக்குவேன். பட்டுல நான் எப்படியோ பேன்ட்லயும் அப்படித்தான்.

உனக்கு ஒரு வேலை இருக்கு. புதுமண்டபத்துல இருந்த டெய்லருங்க இப்ப குன்னத்தூர் சத்திரத்துல இருக்காங்கல்ல, நம்ம டெய்லர்ட்ட எனக்கு நாலு, உனக்கு நாலு குர்தா தைக்கக் குடு. துணி கொஞ்சம் கனமான காட்டன், நல்ல கலரா எடு, அரக்கு, மாம்பழம், கிளிப்பச்சை, இங்க குளிர்காலம் பூரா வானமே கருப்பா இருக்கும். முன்பக்கம் இடுப்பு வரைக்கும் பட்டன், முழுக்கை, உள்ள தெர்மல் போடுறதால கையும் அக்குளும் ஒரு இஞ்ச் லூசு, ரெண்டு பக்கமும் பாக்கெட்டு, போன வச்சு அளந்து பாக்கச் சொல்லு, "பொம்பளைங்களுக்கு எதுக்கும்மா பாக்கெட்டு"ன்னு சொல்லுவாரு, விடாத, நின்னு தைச்சு வாங்கு. என்னோட அளவு ஜாக்கெட்டு மாடி அலமாரியில மஞ்சள் பையில இருக்கு.

கோட்டு நீ அங்க வாங்காத, பெங்களூருக் குளிருக்கு விக்கிறது இங்க காணாது. ஜனவரி கடைசியில இருந்து இங்க கோட்டெல்லாம் தள்ளுபடியில போடுவாங்க, உன் உயரம், மார்பளவு, தோள் அகலம் மூணையும் அளந்து அனுப்பு, நான் பஸ் ஏறிப் போய் எடுத்து வச்சுர்றேன்.

அன்புடன்,
அக்கா