சின்னம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போக வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

ராத்திரி நீ கனடாவில் இருந்து அனுப்பிய வொய்ஸ் மெசேஜை இரண்டு தரம் கேட்டேன். உன் அம்மாவுக்கு, என் சின்னம்மாவுக்கு, கொழும்பு வெள்ளவத்தையில் லிஃப்ட் உள்ள ஃபிளாட், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, இரவு பகல் கூட நிற்க ஒரு பிள்ளை. பாசத்தில்தான் சொல்கிறாய், அது எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம் தம்பி.

சின்னம்மா குளியலறையில் விழுந்த அன்று முதலில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? மீன்கார அண்ணா. காலை ஏழு மணிக்கு அவர் ஹோன் அடித்தால் சின்னம்மா சட்டியோடு படலைக்கு வந்துவிடுவா. அன்று மூன்று தரம் அடித்தும் ஆளைக் காணவில்லை. படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவருக்கு முனகல் கேட்டிருக்கிறது. முன்வீட்டு ராத்தா ஓடி வந்து, மகனின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எனக்குப் போன் எடுத்தா. வெட்டின மீன் அன்று ராத்தா வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. மூன்றாம் நாள் சின்னம்மா வீடு வந்ததும் அதைத்தான் குழம்பு வைத்தார்கள்.

ஃபிளாட்டில் விழுந்தாலும் கூட நிற்கிற பிள்ளை தூக்கிவிடும், சரி. விழாத நாட்களில்? இங்கே நாலு மணியானால் ராத்தாவின் பேத்தி கணக்குக் கொப்பியோடு வந்துவிடும். வெள்ளிக்கிழமை பத்திரகாளி கோயில். முதியோர் சங்கத்தில் பொருளாளர் சின்னம்மாதான். மாதக் கூட்டத்துக்கு முதல் நாள் சில்லறை வரை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பா.

2010இல் அமெரிக்காவில் 148 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். உறவும் நட்பும் பலமாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 வீதம் கூட. அதில் என்னை யோசிக்க வைத்தது வேறு. தனியாக இல்லாமல் ஒருவரோடு வசிப்பதால் மட்டும் கூடுவது 19 வீதம்தான். குடும்பம், அயல், சங்கம் என்று பல பக்கமும் தொடர்பு உள்ளவர்களுக்கோ 91 வீதம். நீ வாங்கிக் கொடுக்க நினைப்பது அந்தப் பத்தொன்பதை.

இன்னொன்று. போனில் "ம்ம், ம்ம்" என்று மட்டும் சொல்லுறா, அம்மாவுக்கு எதிலும் பற்றில்லாமல் போய்விட்டது என்று கவலைப்பட்டாயே. அவவுக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை, தம்பி. போனை அந்தக் காதில்தான் வைக்கிறா. ஃபிளாட்டுக்கு ஒதுக்கின காசில் முதலில் நல்ல காதுக் கருவி ஒன்று வாங்குவோம். நீயும் "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்று கேட்பதோடு வைத்துவிடாதே. சூடைமீன் தீயலுக்கு எவ்வளவு புளி விடுவது என்று கேள். அரை மணித்தியாலம் கதைப்பா.

புதன்கிழமை மேசன் வருகிறார். குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ், இரண்டு கைபிடிக் கம்பி. சின்னம்மாவையே நிற்கவைத்துக் கம்பிக்கு உயரம் அளந்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா
உவர்மலை, திருகோணமலை