விரல் மடங்காத கதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று இரவு நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சின்ன வயதிலிருந்து நம் லாரிப் பட்டறையில் கற்றுக்கொண்ட வேலையைத்தான் ஐடிஐயிலும் சொல்லித் தருகிறார்கள், வகுப்பில் உட்கார்ந்து நோட்டு எழுதுவதில் நாள் வீணாகிறது, முதலாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு உங்களோடு வந்துவிடுகிறேன் என்றாய். உன் கை வேலை தெரிந்த கைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இரண்டு ஆண்டும் நீ அங்கே இருந்தாக வேண்டும். ஏன் என்று சொல்வதற்கு, இதுவரை உன்னிடம் முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் இடதுகை ஆள்காட்டி விரல் மடங்காது என்பது உனக்குத் தெரியும். ஸ்பேனர் வழுக்கி அடிபட்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். நடந்தது அதுவல்ல.

நான் 1989-இல் நாமக்கல்லில் ஒரு பட்டறையில் பையனாகச் சேர்ந்தேன். இன்ஜின் ஒரு சிலிண்டரில் மிஸ் அடித்தால், அதாவது அந்தச் சிலிண்டர் சரியாக வேலை செய்யாவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே நாசில் பைப் (சிலிண்டருக்கு டீசல் கொண்டுபோகும் குழாய்) நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்போம். எந்த நட்டைத் தளர்த்தும்போது சத்தம் மாறாமல் இருக்கிறதோ அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. அதை எனக்கு மேஸ்திரி காட்டினார். நான் பத்துப் பதினைந்து பையன்களுக்குக் காட்டினேன். பழைய பம்பில் அது நடக்கும். அங்கே ஒவ்வொரு பைப்புக்கும் அதன் முறை வரும்போது மட்டும்தான் டீசல் தள்ளப்படுகிறது. நட்டைத் தளர்த்தினால் அழுத்தம் அங்கேயே விழுந்து, டீசல் சொட்டாக வழியும், அவ்வளவுதான்.

நீ நான்காம் வகுப்பு படித்த ஆண்டில் காமன் ரயில் இன்ஜின், அதாவது எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தத்தோடு தேக்கி வைக்கும் இன்ஜின், வைத்த லாரி ஒன்று பட்டறைக்கு வந்தது. அதே மிஸ்; நானும் அதே வழக்கப்படி ஓடும் இன்ஜினில் பைப் நட்டில் ஸ்பேனரைப் போட்டேன். நட்டு அரைச் சுற்றுகூடத் திரும்பவில்லை. விரலில் முள் குத்தியது போல ஒரு சுருக். பார்த்தால் ஊசி முனை அளவு ஒரு புள்ளி, ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். சாயங்காலத்துக்குள் விரல் வெள்ளரிப் பிஞ்சு போல வீங்கி, உள்ளங்கை வரை மரத்துவிட்டது. உள்ளே பாய்ந்த டீசல் நரம்போடு நரம்பாகப் பரவியிருக்கிறது என்று சொல்லி, அன்றிரவே உள்ளங்கை வரை கீறிக் கழுவி எடுத்தார்கள். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் விரலையே எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

லாரி டயருக்கு 110 பவுண்ட் காற்று அடிக்கிறோம். காமன் ரயிலில் அதைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தம், அதாவது 1,600 பார், எழும்பக்கூடும். அது முறை பார்த்து வந்து போவதில்லை, ரயில் குழாயில் எந்நேரமும் தேங்கி நிற்கிறது. இன்ஜினை நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்கக் காத்திருந்து, ஸ்கேனரில் பார்த்து உறுதி செய்த பிறகே நட்டைத் தொட வேண்டும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் எது கெட்டது என்பதையும் நட்டைத் தளர்த்தாமல், ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்து அளந்தே கண்டுபிடித்துவிடலாம். இவ்வளவும் உன் நோட்டில் ஒன்றரைப் பக்கத்துக்குள் அடங்கும் பாடம். அந்த ஒன்றரைப் பக்கத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கண்ணு. எப்படிச் செய்வது என்பதை மட்டும் கற்று, ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதைக் கற்காமல் இருபத்தைந்து ஆண்டுகள் ஓட்டிவிட்டேன்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை மாசு விதி வந்தபின் புகைபோக்கியில்கூட சென்சார் இருக்கிறது. மின்சார வண்டிகளோ இன்னும் கவனம் கேட்பவை. அவற்றின் ஆரஞ்சு நிற வயரில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று காதால் கேட்டுச் சொல்ல முடியாது. நம் பட்டறையில் உனக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தருவது? நானே உன்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் மாதங்களில் இரும்புப் பட்டையை அராவச் சொல்லியே பொழுது போனதென்று வருத்தப்பட்டாய். மூலமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இடுக்கில் ஒளிக்கீற்று தெரியாத வரை அராவிய கைதான், பிறகு மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டரைப் பொறுமையாகப் படிக்கும். எனக்கு அந்தப் பொறுமை வரவே பல ஆண்டுகள் ஆயின.

வீட்டுக்குப் பாரமாக இருக்கிறோம் என்று நினைத்து நீ வர நினைத்தால், அந்த நினைப்பை விட்டுவிடு. பயிற்சிக் கட்டணம் இல்லை. அரசு தரும் உதவித்தொகை உன் கைச்செலவுக்குப் போதும். மீதியைப் பார்த்துக்கொள்ள நானும் அம்மாவும் இருக்கிறோம். இரண்டாம் ஆண்டுத் தேர்வை எழுதி, தேசியத் தொழிற் சான்றிதழை வாங்கி, ஓராண்டு அப்ரண்டிஸ் முடித்துவிட்டு வா. அதன் பிறகு பட்டறை உன்னுடையது.

தீபாவளிக்கு வரும்போது நீ அராவிய அந்தப் பட்டையை எடுத்து வா, நான் பார்க்க வேண்டும். காமன் ரயில் பாடம் எழுதிய நோட்டையும் மறக்காதே. பட்டறையில் இருக்கும் பையன்கள் இருவரையும் உட்கார வைத்து நீ அதைப் படித்துச் சொல்ல வேண்டும். நானும் அவர்களோடு உட்கார்ந்து கேட்பேன்.

அன்புடன்,
அப்பா