வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பெண்களை மையமாகக் கொண்ட காதல் நாவல்களில் நாய்க்கு என்ன வேலை என்பதை இந்த ஆண்டின் பொருளாக வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் முன்மொழிந்தார். வழிமொழிந்தவர் சிரித்துக்கொண்டேதான் வழிமொழிந்தார். ஆனால் ஆண்டு முழுக்கக் கூட்டத்துக்கு ஆள் குறையவில்லை.

1847-ஆம் ஆண்டு நாவல்களிலிருந்து தொடங்கினோம். இங்கிலாந்தின் பிராண்டே சகோதரிகள் மூவரும் புனைபெயர்களில் எழுதிய மூன்று நாவல்கள் அந்த ஒரே ஆண்டில் வெளிவந்தன. மூன்றிலும் நாய் உண்டு.

சார்லட் எழுதிய ‘ஜேன் ஐர்’ நாவலில், ஒரு பெரிய வீட்டில் ஆசிரியையாக இருக்கும் ஜேன் தபாலில் கடிதம் சேர்க்கத் தனியே நடந்து போகிறாள். எதிரே முதலில் வருவது பைலட் என்ற பெரிய நாய். சின்ன வயதில் கேட்ட பேய்க்கதை அவளுக்கு ஞாபகம் வருகிறது. அதற்குள் பின்னால் வந்த குதிரை பனிக்கட்டியில் சறுக்க, ராச்செஸ்டர் கீழே விழுகிறார். தான் யார் என்று அவர் சொல்வதில்லை. வீடு திரும்பியபின், கணப்பருகே அதே நாய் படுத்திருப்பதைப் பார்த்து விசாரித்துத்தான் வந்திருப்பவர் அந்த வீட்டு எஜமானர் என்று தெரிந்துகொள்கிறாள். அறிமுகமில்லாத ஆணோடு ஒரு பெண் நின்று பேசவே தயங்கிய காலம். அந்த அறிமுகத்தை நாய் செய்து வைத்துவிடுகிறது. கடைசியிலும் அப்படியே. பார்வை இழந்த ராச்செஸ்டரின் அறைக்குள் ஜேன் தண்ணீர்த் தட்டோடு நுழைய, பைலட் அடையாளம் கண்டு துள்ளிய துள்ளலில் தட்டே கவிழப் பார்க்கிறது. ‘என்ன அது?’ என்று கேட்பவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. இந்தப் பகுதியை வாசித்த உறுப்பினரை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள்.

ஆன் எழுதிய ‘ஆக்னஸ் கிரே’ பலருக்குப் புதிது. வீட்டு ஆசிரியையான ஆக்னஸ் வளர்த்தெடுத்த டெரியர் வகை நாய் ஸ்நாப், அவள் மாணவியின் சொத்து. அது தன்னைவிட ஆசிரியையிடம் ஒட்டிக்கொள்கிறது என்ற எரிச்சலில், கொடுமைக்குப் பேர்போன எலி பிடிப்பவனிடம் அதைத் தள்ளிவிடுகிறாள் மாணவி. பிற்பாடு கடற்கரையில் ஸ்நாப் ஓடிவந்து ஆக்னஸின் காலடியில் நிற்கிறது. பின்னாலேயே அவள் மனதில் இருந்த பாதிரியார் வெஸ்டன் வருகிறார். நாயை மீட்டவர் அவர்தான். சம்பளக்காரப் பெண்ணுக்குச் சொந்தமென்று எதுவும் இருக்கக்கூடாது என்ற வீட்டிலிருந்து அவளுக்குத் திரும்பக் கிடைத்தது அந்த நாய் ஒன்றுதான்.

எமிலியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ வேறு ரகம். காத்தரினின் கணுக்காலைப் புல்டாக் கவ்வுகிறது. அதனால் ஐந்து வாரம் பணக்கார வீட்டில் தங்குகிறாள், அவளை நேசிக்கும் ஹீத்கிளிஃபுக்கு எட்டாதவளாகத் திரும்புகிறாள். அந்தப் பணக்கார வீட்டுப் பெண் இசபெல்லா அவனோடு ஓடிப்போகும் இரவில் அவளுடைய குட்டி நாயை அவன் கொக்கியில் தொங்கவிடுகிறான். வேலைக்காரி கண்டு காப்பாற்றுகிறாள். அவள் பார்க்க நான் செய்த முதல் காரியமே இதுதான், அப்படியும் வந்தாளே என்று பிறகு அவனே ஏளனம் செய்கிறான்.

அப்புறம்தான் சண்டை. நாய்க்குப் பிடித்தால் நல்லவன், நாயை அடித்தால் கெட்டவன் என்பது நாவலாசிரியரின் சோம்பேறித்தனம் என்றார் ஒரு மூத்த உறுப்பினர். ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் கதாநாயகியின் பெரியம்மா, கல்யாணத்துக்குச் சம்மதித்தால் பக் இன நாய்க்குட்டி தருகிறேன் என்கிற இடத்தைச் சொல்லி இன்னொருவர் சிரிக்க வைத்தார். ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவலில் டோரத்தியா, தன்னை மணக்க விரும்பிய சர் ஜேம்ஸ் நீட்டிய நாய்க்குட்டியை வேண்டாம் என்றதிலேயே அவரையும் வேண்டாம் என்றுவிட்டாள் என்பது என் கட்சி.

மூத்த உறுப்பினருக்கான பதில் தாமஸ் ஹார்டியிடம் கிடைத்தது. 1874-இல் வந்த ‘ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரௌட்’ நாவலில் கேப்ரியல் ஓக்கின் இளம் நாய், விரட்டுவதுதான் தன் வேலை என்று நம்பி, இருநூறு ஆடுகளைப் பள்ளத்தில் விழவைத்துவிடுகிறது. சொந்த மந்தை போய், தன்னை மறுத்த பாத்ஷீபாவின் பண்ணையிலேயே அவன் கூலி மேய்ப்பனாகிறான். எவரையும் நல்லவன் கெட்டவன் என்று சொல்லாத நாய் இது. அதே நாவலில், காதலன் கைவிட்ட கர்ப்பிணி ஃபேன்னி ராபின், முன்பின் தெரியாத ஒரு தெருநாயின் மேல் சாய்ந்தே ஏழைகள் விடுதி வாசல் வரை வந்து சேர்கிறாள். நாய் எங்கே என்று கேட்கிறாள். கல்லால் அடித்துத் துரத்திவிட்டேன் என்கிறான் அங்கிருந்தவன். அன்று தேநீர் வந்தும் சிறிது நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இரவல் வாங்கிய பிரதிகளை அடுத்த கூட்டத்துக்குள் திருப்பித் தர வேண்டுகிறேன். ஹார்டியின் பிரதியை நான்கு பேர் கேட்டுக் காத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டுப் பொருளாகப் பூனையை முன்மொழிந்து ஒரு கடிதம் வந்துள்ளது. அதைப் பொதுக்குழுவின் முடிவுக்கு விடுகிறேன். இந்த அறிக்கையை ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்