பழைய சாமான்களை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிக்கும் பட்டறைகள் ஒவ்வொன்றாக உதிரி பாகக் கடைகளாகச் சுருங்கிவருகின்றன என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் அது யாரை நினைத்து வருந்துகிறதோ அவர்களில் நானும் ஒருவன் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் 1994 முதல் ஜாவா, யெஸ்டி, புல்லட், ராஜ்தூத் வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவன் நான். சென்ற தை மாதத்திலிருந்து முழு வண்டியை வேலைக்கு எடுப்பதை நிறுத்திவிட்டேன். சாமான் மட்டும் செய்கிறேன், விற்கிறேன். 'சுருங்கிவிட்டது' என்ற அந்தச் சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம்முடைய 1968-ஆம் ஆண்டு ஜாவாவை என்னிடம் விட்டிருந்தார். வேலையில் சேர்ந்த புதிதில் வாங்கிய வண்டி. அது என் பட்டறையில் 14 மாதங்கள் நின்றது. என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், அத்தனை மாதங்களில் அதன்மேல் நான் கை வைத்த நாட்கள் 31. மற்ற நாட்களெல்லாம் ஒரே ஒரு கிளட்ச் கவருக்காக, அதாவது இன்ஜினின் பக்கத்தில் கிளட்சை மூடியிருக்கும் அலுமினிய மூடிக்காகக் காத்திருந்தவை. பெரியவர் மாதந்தோறும் முதல் வாரத்தில் பஸ் ஏறி வருவார். நாற்காலியைப் போட்டாலும் உட்காரமாட்டார். வண்டியின் பெட்ரோல் டேங்கைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு, "கிடைத்ததா தம்பி?" என்று கேட்பார். "இன்னும் இல்லை ஐயா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாகிவிட்டது.

அந்தக் கவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜாவாவில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. உதைத்து வண்டியைக் கிளப்பிவிட்டு, அதே லீவரை முன்னால் மடக்கினால் அதுவே கியர். அதன் தண்டு இடப்பக்கத்துக் கிளட்ச் கவரின் வழியாகத்தான் வெளியே வருகிறது. ஐம்பது ஆண்டுகள் உதை வாங்கிய பிறகு அந்தத் துளை வட்டமாகவா இருக்கும்? நீள்வட்டமாகத் தேய்ந்துவிடும், அதன் வழியே எண்ணெய் கசியும். வண்டி இடப்பக்கமாக ஒருமுறை விழுந்தால் கவர் கீறிவிடும். வெல்டிங் வைக்கலாம், நானும் எத்தனையோ முறை வைத்திருக்கிறேன். வெல்டிங் சூட்டில் கவர் கோணிக்கொண்டால் கசிவைத் தடுக்க நடுவில் வைக்கும் பேக்கிங் உட்காராது, மறுபடியும் கசியும்.

புல்லட்டுக்கு இந்தத் துன்பம் குறைவு. திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய தொழிற்சாலை நிற்கவே இல்லை. அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினையும் ஏறத்தாழ 2010 வரை செய்துகொண்டிருந்தார்கள். சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஓடும் தூரமும் 70-க்கு 90 மில்லிமீட்டர் என்ற அளவு மாறவே இல்லை. ஆகவே புதிய வண்டியின் சாமான் பலவும் பழைய வண்டிக்குப் பொருந்தின. ஜாவாவின் கதை வேறு. மைசூர் யாதவகிரியில் 1961-இல் உற்பத்தி தொடங்கி, பிறகு யெஸ்டி என்று பெயர் மாறி, 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அன்றோடு சாமான் வரத்தும் நின்றது. இன்று அதே பெயர்களில் புதிய வண்டிகள் ஓடுகின்றன, மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றின் இன்ஜினிலிருந்து ஒரு வாஷரைக்கூட எடுத்துப் பழைய வண்டியில் போட முடியாது. நடுவில் போன இந்த இருபது, முப்பது ஆண்டுகளில் பழைய கடைகளின் பரணில் மிச்சமிருந்ததை வைத்துத்தான் நாங்கள் எல்லோரும் ஓட்டினோம்.

அந்தப் பரண்கள் எப்படிக் காலியாகின்றன என்பதைச் சொல்லத்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன். தாராபுரத்தில் ஒரு பழைய சாமான் கடை இருந்தது. உரிமையாளர் காலமான பிறகு, கடையைக் காலி செய்து கொடுக்க வேண்டிய நெருக்கடி அவர் மனைவிக்கு. எனக்குச் செய்தி தெரிந்து நான் போய்ச் சேர்ந்தது மூன்று நாள் தாமதம். இரண்டு மினி லாரிகளில் எல்லாவற்றையும் ஏற்றி எடைக்குப் போட்டாகிவிட்டது. இரும்பு ஒரு விலை, அலுமினியம் ஒரு விலை, பித்தளை ஒரு விலை. "என் கணவர் இவற்றைத் தொடக்கூட விடமாட்டார். யாருக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை தம்பி" என்றார் அந்த அம்மா. அவர்மீது குற்றம் சொல்ல நான் யார்? வேண்டும் என்று யாராவது முன்பே போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? பதினைந்து ஆண்டுகளாக அந்தக் கடையில் சாமான் வாங்கிய நான் சொல்லியிருக்க வேண்டும்.

லாரி போன இடத்தை விசாரித்துக்கொண்டு கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்கு வந்தேன். பெரும்பகுதி உடைத்துப் பிரிக்கப்பட்டிருந்தது. அலுமினியக் குவியலின் அடியில், ஈரத்தில் ஊறிப்போன ஓர் அட்டைப் பெட்டிக்குள் ஜாவாவின் கிளட்ச் கவர் ஒன்று இருந்தது. வண்டியில் ஒருமுறைகூடப் பூட்டப்படாதது. கிக்கர் தண்டின் துளை, கடைந்த அன்று இருந்தபடியே வட்டமாக இருந்தது. அலுமினிய விலைக்கே எடை போட்டுக் கொடுத்தார்கள்.

அதை நேராகக் கோபி ஆசிரியரின் வண்டியில் பூட்டி அனுப்பியிருக்கலாம். பூட்டவில்லை. அவரிடமே கேட்டேன்: "ஐயா, இன்னும் இரண்டு மாதம் பொறுப்பீர்களா? இதை வைத்து அளவெடுத்தால் எல்லோருக்கும் கவர் செய்யலாம்." கணக்குப் பாடம் எடுத்தவர் அவர். கொஞ்ச நேரம் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அளவு எடுங்கள்" என்றார்.

பூட்டப்படாத ஒரு மாதிரி ஏன் அவ்வளவு முக்கியம் என்பது தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அலுமினியமாக இருந்தால் 100 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர். 300 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கவரில் இது நான்கு மில்லிமீட்டர் ஆகிவிடும். பழைய கவரையே மணலில் பதித்து, அந்தக் குழியில் உலோகத்தை ஊற்றினால் வருவது நான்கு மில்லிமீட்டர் குட்டையான கவர். போல்ட் துளைகள் ஒன்றோடொன்று சேராது. அதை ராவி, துளையைப் பெரிதாக்கி ஒருவர் விற்பார். அந்தப் பிரதியை இன்னொருவர் மணலில் பதிப்பார். சந்தையில் கிடைக்கும் மலிவான சாமான்கள் பலவும் இப்படிப் பிரதியின் பிரதியாகப் பிறந்தவைதான். "புது சாமான் போட்டும் பொருந்தவில்லை" என்று வாடிக்கையாளர் சொல்லும்போது மெக்கானிக்கைத்தான் சந்தேகிக்கிறார்கள். பாவம், அவன் என்ன செய்வான்!

முறையாகச் செய்தால் வேலை இப்படி நடக்கும். மாதிரியை அளந்து, மணலில் பதிப்பதற்கான அச்சை, அதாவது பேட்டர்னை, மரத்தில் புதிதாகச் செதுக்க வேண்டும். அதற்கென்று ஆசாரிகளிடம் தனி ஸ்கேல் இருக்கிறது; அதில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் சுருக்கத்துக்குத் தக்கபடி சற்றே நீட்டிக் குறிக்கப்பட்டிருக்கும். கடைசல் வேலைக்காக இரண்டு, மூன்று மில்லிமீட்டர் சதை கூடுதலாக விட வேண்டும். என் பேட்டர்னைத் தேக்கில் செய்து கொடுத்தவர் கணபதிப் பகுதியில் பம்ப் செட்டுகளுக்கு அச்சு செய்பவர். ஜாவா ஓட்டியே அறியாதவர். மூலையின் வளைவு ஒன்று சரியாக வரவில்லை என்று செய்ததை அவரே உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி செதுக்கினார். ஃபவுண்டரியில் எல்.எம். 6 என்ற அலுமினியக் கலவைக் கட்டி மட்டும்தான் உருக்க வேண்டும், உடைந்த பிஸ்டனையும் பாத்திரத்தையும் கலக்கக் கூடாது என்று சொல்லி, ஊற்றிய அன்று நானே பக்கத்தில் நின்றேன். இத்தனையும் இந்த ஊரில், என் பட்டறையிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் நடந்தது. பம்ப்புக்கும் கிரைண்டருக்கும் பழகிய கைகள் இவை. வேலை தெரியாமல் நாங்கள் நிற்கவில்லை, மாதிரி இல்லாமல்தான் நின்றோம்.

முதலில் 40 கவர் செய்தோம். முதல் கவர் கோபிக்குப் போனது. மற்றவை மூன்று வாரத்தில் தீர்ந்தன. சேலம், திருநெல்வேலி, நாகர்கோவில், கர்நாடகத்தில் சாம்ராஜ்நகர் என்று எங்கெங்கிருந்தோ கேட்டார்கள். ஒவ்வொருவர் வீட்டுத் திண்ணையிலும் சாக்குப் போட்டு மூடிய ஒரு வண்டி, இந்த ஒரு சாமானுக்காகவே நின்றிருக்கிறது. முப்பது ஆண்டுகளில் எந்த ஓர் ஆண்டிலும் நான் ஏழு வண்டிகளுக்கு மேல் முடித்துக் கொடுத்ததில்லை. மூன்று வாரத்தில் ஏறக்குறைய நாற்பது வண்டிகளுக்கு வழி பிறந்ததைப் பார்த்த பிறகுதான், இனிச் சாமான் மட்டும் என்று முடிவெடுத்தேன். கட்டுரையாளர் இதைச் சுருங்குதல் என்கிறார்.

இழப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதம் துண்டு துண்டாகக் கிடந்த வண்டி முதல் உதையில் உயிர்பெற்று, இரட்டை சைலன்சரில் நீலப்புகை கக்கும் அந்த நிமிடம் இனி என் பட்டறையில் இல்லை. அதைவிடப் பெரிய கவலை, சாமான் ஊர் ஊராகப் போகிறது, பூட்டும் பக்குவம் கூடப் போவதில்லை என்பது. சென்ற ஆண்டு ஓர் இளைஞர் புல்லட்டின் டைமிங் பக்கத்தைத் திறந்து, ஆயில் பம்ப்பை ஓட்டும் வார்ம் நட்டைக் கழற்ற முயன்றிருக்கிறார். அது இடது மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினார். இறுகியது. இன்னும் நீளமான குழாயை மாட்டித் திருப்பினார். மரை போய்விட்டது, தண்டும் பாழ். அன்று முதல் சாமானோடு ஒரு தாளையும் பெட்டிக்குள் வைக்கிறேன். என் கையால் தமிழில் எழுதி, நகல் எடுத்தது. 'இது இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.' 'இந்தப் போல்ட் பிரிட்டிஷ் மரை. மெட்ரிக் நட்டைப் போட்டு இறுக்காதீர்கள்.' இதுவரை 60 சாமான்களுக்குத் தாள் எழுதியாகிவிட்டது. சாமான் விற்கும் எல்லோரும் இப்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தேவை குறையப்போவதும் இல்லை. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழைமைச் சின்னமாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். வண்டி தன் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அசல் வடிவில் இருக்கச் சாமான் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இன்னொரு பக்கம், பெட்ரோல் பங்குகளில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய வண்டிகளின் பெட்ரோல் குழாயும் டேப் வாஷரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி உப்பிப் பிசுபிசுத்துப் போகின்றன. அவற்றை எத்தனாலைத் தாங்கும் விட்டான் என்ற ரப்பரில் மாற்றிச் செய்து தருகிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது எங்களைப் போன்ற சிறியவர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்திருக்கிறது.

ஆகவே தங்கள் வாசகர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். வீட்டுப் பரணிலோ மூடிய கடையிலோ அப்பா விட்டுப்போன தகரப் பெட்டியிலோ பழைய மோட்டார் சைக்கிள் சாமான் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் உங்கள் ஊரில் அந்த வண்டிகளை அறிந்த ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒருமுறை காட்டுங்கள். உடைந்ததாக இருந்தாலும் காட்டுங்கள். ஒரு பாதி இங்கே, மறு பாதி இன்னோர் ஊரில் என்று இரண்டு உடைந்த சாமான்களைச் சேர்த்து ஒரு முழு அளவு எடுத்திருக்கிறேன். எந்த வண்டியுடையது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் காகிதத்தை மட்டும் கிழிக்காதீர்கள், அதில்தான் பார்ட் நம்பர் இருக்கும்.

எங்களிடம் தருபவர்களுக்கு அளவெடுத்து முடிந்ததும் சாமானை அப்படியே திருப்பிக் கொடுக்கிறோம். அதை வைத்துச் செய்யும் முதல் சாமானுக்கு அவர்களிடம் காசு வாங்குவதில்லை. தாராபுரத்து அம்மாவுக்கு ஜாவா இல்லை. என்றாலும் இரண்டாவது கவரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கணவரின் படத்துக்குக் கீழே இப்போது அது இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆவாரம்பாளையம், கோயம்புத்தூர்.