ஐயாவுக்கு, அம்மா எழுதுவது

பினாங்கு

அன்பு ஐயா,

நல்லா இருக்கியா? இங்க நாங்க சுகம். அத்தை வீட்டுப் புதுமனை நல்லபடியா முடிஞ்சுது, உன் பேருக்கும் மொய் எழுதிட்டேன். மத்த கதையெல்லாம் போன்ல சொல்றேன், நீ எடுத்தா.

அப்பாவை கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். எல்டிஎல், அதான் கெட்ட கொழுப்பு, 2.1-க்கு இறங்கியிருக்கு. அப்பா மாதிரி இதயக் குழாயில ஸ்டென்ட் வச்சவங்களுக்கு அது பத்தாதாம், 1.4-க்குக் கீழ வரணும்ங்கிறார் டாக்டர். ராத்திரி மாத்திரையை நானே கையில கொடுத்துடுறேன். அன்னிக்கு நீ லீவு போட்டு வந்து ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே கிடந்ததை இன்னமும் எதிர்வீட்டு ஆண்ட்டிகிட்ட சொல்லிட்டுத்தான் இருக்கேன். அப்பாவுக்கு அப்படி ஓடினவன் உனக்குன்னா அசையமாட்டேங்கிறியே.

ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாரேன்.

ஒல்லியாத்தானே இருக்கேன், ரொட்டி சானாய்கூடத் தொடறதில்லைம்பே. கொழுப்பு சாப்பாட்டுல மட்டுமா வருது? ஈரலே செய்யுது. பெரியப்பாவும் ஒல்லிதான். அவர் போகும்போது என்ன வயசுன்னு உனக்கே தெரியும். அப்பா கண்ணிமையில கொழுப்பு படிஞ்சு மஞ்சளா தடிச்சிருக்கே, உனக்கும் இடது கண்ணோரம் லேசா தெரியுது. தலைக்கு எண்ணெய் வைக்கும்போது பார்த்தேன், வாயைத் திறக்கலை.

தைப்பூசத்தன்னிக்கும் திறக்கலை. தண்ணீர்மலை முருகன் கோயில் 513 படியும் உன் பின்னாலதான் வந்தேன். பாதியில நின்னு போட்டோ எடுத்தே. அங்க என்ன இருக்கு எடுக்க, முன்னால போறவங்க முதுகுதான். இன்னொரு கை நெஞ்சுல இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல சரியாகி ஏறிட்டே. மருமக கேட்டதுக்கு காத்துன்னே.

அப்பாவும் மாசக்கணக்கா காத்துன்னுதான் தைலம் தேய்ச்சாரு. காத்துக்கு நடையும் தெரியாது, நிக்கிறதும் தெரியாது. ஏறும்போது இறுக்கி, நின்னதும் விடுதுன்னா அது வேற. கொழுப்பு படிஞ்சு குழாய் குறுகினாலும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வர்ற ரத்தம் இதயத்துக்குப் போதும். படி ஏறினா கூடக் கேக்கும், அப்ப பத்தாது. சில பேருக்கு வலியே இருக்காதாம், ஒரு பாரம்தான், இல்லைன்னா தாடையில, கையில இழுக்கும்.

டாக்டர்கிட்ட போய்க் காட்டு. ஈசிஜி நல்லா இருக்குன்னு சொன்னதும் திரும்பி வந்துடாதே. படுத்துக்கிட்டு எடுக்கிறப்ப அப்பாவுக்கும் ஒண்ணும் காட்டலை, டிரெட்மில்லுல நடக்க விட்டப்பத்தான் தெரிஞ்சுது. பெரியப்பா விஷயத்தையும் மறைக்காம சொல்லு, குடும்பத்துல யாருக்குன்னு கேப்பாங்க. ரத்தமும் எடுத்துடு. சும்மா இருக்கும்போதே நெஞ்சு இறுக்கம் வந்து, உட்கார்ந்தும் விடலைன்னா நீ காரை எடுக்காதே, 999 கூப்பிடு. நெஞ்சுவலிக்கு அப்பா வச்சிருக்கிற மாத்திரையை எடுத்து நாக்குக்கடியில வச்சுக்கலாம்னு நினைக்காதே, அது அவருக்கு எழுதிக் கொடுத்தது.

மருமககிட்ட நான் எதுவும் சொல்லலை, நீயே சொல்லிடு. அப்பாயிண்ட்மெண்ட் எடுத்ததும் தேதியை எனக்கு மெசேஜ் பண்ணு. குடும்ப குரூப்புல போடாதே, அப்பா பார்த்துட்டா தூங்கமாட்டாரு. ரத்தம் எடுக்கப் போற அன்னிக்குச் சாப்பிட்டுப் போகலாமா கூடாதான்னு முதல்லயே கேட்டுக்கோ.

அம்மா