அடிச்சீட்டும் அடுத்த சீட்டும்

அன்புள்ள நண்பா,

காலில் மாவுக்கட்டோடு ஆறு வாரம் கிடக்க வேண்டியிருக்கிறது, போனைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது, உருப்படியாக எதையாவது சொல்லிக்கொடு என்று எழுதியிருந்தாய். உருப்படியாக என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு வருடமாக ஒரு கிறுக்கு பிடித்திருக்கிறது, வெட்கப்பட்டுக்கொண்டு உன்னிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். சீட்டு வித்தை. சிரிக்காதே, காலில் ஒரு கட்டு இருக்கும்போது கையில் ஒரு கட்டு இருந்தால் பொழுது போவதே தெரியாது.

முதல் மூன்று மாதம் வீணாய்ப் போனது. வீடியோவில் ஒருவன் ஒற்றைக் கையாலேயே கட்டை வெட்டுவதைப் பார்த்துவிட்டு நானும் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன், 52 சீட்டும் தரையில். கட்டிலுக்கு அடியில் புகுந்து சீட்டு பொறுக்குவதில் நல்ல தேர்ச்சி வந்தது. ஒருவழியாக அது கைக்கு வந்து நாலு பேரிடம் செய்து காட்டினால், "பரவாயில்லையே, நல்லா பழகியிருக்கே" என்றார்கள். அங்கேயே புரிந்துவிட்டது. பழகியிருக்கிறான் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அதனால் விரல் வேலையே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கட்டைக் கலைத்துவிட்டு, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்வது போல லேசாகச் சாய்த்து அடிச்சீட்டை மட்டும் பார்த்து மனதில் வைத்துக்கொள். கிளாவர் ஏழு என்று வை. எதிரில் இருப்பவர் நீ விசிறி போல விரித்துக் காட்டும் கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி, பார்த்துவிட்டுக் கட்டின் மேலே கவிழ்த்து வைக்கட்டும். கட்டை அவரே வெட்டி, கீழே இருந்த பாதியைத் தூக்கி மேலே வைக்கட்டும். இப்போது உன் கிளாவர் ஏழு போய் அவர் சீட்டின் தலையில் உட்கார்ந்துகொண்டது. இன்னும் நாலு தடவை வேண்டுமானாலும் வெட்டட்டும், ஒவ்வொரு தடவையும் அடிப்பாதி மேலே போனால் போதும், அந்த ஜோடி பிரியாது. (வெட்டத்தான் சொல்ல வேண்டும். யாராவது ஆர்வக்கோளாறில் கலைக்க ஆரம்பித்தால் கதை கந்தல்.) பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து போட்டுக்கொண்டே வா, ஏழு வந்ததா, அதற்கு அடுத்ததுதான் அவர் சீட்டு.

அங்கே நிறுத்திவிடாதே. அவர் சீட்டைக் கண்டுகொள்ளாதது போலத் தாண்டிப் போய் இன்னும் ஐந்தாறு சீட்டு போடு. கட்டின் மேல் விரலை வைத்து, "அடுத்து நான் திருப்பப்போவது உங்கள் சீட்டு" என்று சொல். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன் சீட்டு அப்போதே போய்விட்டது என்று தெரியும், பாவம் இவன் மாட்டிக்கொண்டான் என்று உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அப்போது மெதுவாகக் கையைக் கட்டிலிருந்து எடுத்து, மேஜையில் கிடக்கும் அவர் சீட்டை எடுத்துக் கவிழ்த்துப் போடு. திருப்புவேன் என்றுதானே சொன்னாய்?

எனக்கு ஒரு தடவை இதில் மானம் போனது. அலுவலகத்தில் பத்துப் பேர் சுற்றி நிற்கிறார்கள், போட்டுக்கொண்டே போகிறேன், ஏழு வரவேயில்லை. 40, 45, 50... கடைசிச் சீட்டாக வந்து இளித்தது. அதற்கு அடுத்த சீட்டுக்கு எங்கே போவது? வேர்த்துக் கொட்டி எதையோ உளறிச் சமாளித்தேன். வெட்டுவது என்றால் மாலையைச் சுற்றிவிடுவது போலத்தான், கடைசி மணிக்கு அடுத்தது முதல் மணி என்பது ராத்திரிதான் உறைத்தது. அவர் உருவிய ஆர்ட்டின் ராணி நான் போட்ட முதல் சீட்டாக அங்கேயேதான் கிடந்திருக்கிறாள்.

21 சீட்டு வித்தை உனக்கே தெரியும். மூன்று வரிசையாக, வரிசைக்கு ஏழாகப் போட்டு, எதிரில் இருப்பவர் தான் நினைத்த சீட்டு இருப்பதாகக் காட்டும் வரிசையை நடுவில் வைத்து அடுக்கி, மூன்று தடவை இப்படிச் செய்தால் நினைத்த சீட்டு 11-ஆவதாக வரும். எல்லாரும் அதை எண்ணி எடுத்தே கெடுக்கிறார்கள். மூன்றாவது தடவை அவர் வரிசையைக் காட்டும்போதே அந்த வரிசையின் நடுச்சீட்டுதான் அது, அப்புறம் எதற்கு எண்ண வேண்டும்? ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, கட்டையே அவரிடம் கொடுத்துக் கலைக்கச் சொல்லிவிடு. பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டு சிவப்பு என்று சொல், படம் என்று சொல், இழுத்து இழுத்துச் சொல்.

பெர்சி டையகோனிஸ் என்று ஒருவர். 14 வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய், டாய் வெர்னன் என்ற வித்தைக்காரரோடு ஊர் ஊராகச் சுற்றியவர், பின்னால் ஸ்டான்ஃபோர்டில் கணிதப் பேராசிரியர் ஆனார். கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று சொருகிக் கலைத்தால், சரியாகக் கலைய ஏழு தடவையாவது வேண்டும் என்று 1992-இல் இன்னொருவரோடு சேர்ந்து நிறுவியவர். நாமெல்லாம் இரண்டு தடவையோடு நிறுத்திவிடுவோம். அந்த வெர்னன்தான், எந்தச் சீட்டு வித்தையையும் மூன்று தடவை காட்டினால் பிடித்துவிடுவேன் என்று மார்தட்டிய பிரபல வித்தைக்காரர் ஹூடினியையே 1922-இல் திணறடித்தவர், திரும்பத் திரும்பக் காட்டியும் ஹூடினியால் பிடிக்க முடியவில்லை. அது வெர்னன். நீயும் நானும் "இன்னொரு தடவை காட்டு" என்றதும் கட்டை மூடிப் பையில் போட்டுவிட வேண்டும்.

ஆனால் எனக்குப் பிடித்தது இதெல்லாம் இல்லை. போன மாதம் நான் செய்து காட்டியதை ஒரு நண்பர் வேறொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "கட்டை நான்தாங்க கலைச்சேன், இவரு தொடவே இல்ல!" கலைத்தது நான். ஓரம் தட்டினேன், அடிச்சீட்டைப் பார்த்தேன், கடைசியில் ஒவ்வொன்றாகப் போட்டதும் நான். அவர் வெட்டினது மட்டும்தான். ஆனால் சத்தியம் செய்யும் அளவுக்கு நம்புகிறார். நான் செய்தது அரை வித்தை, மீதியை அவரே முடித்துக்கொண்டார், அதுவும் என்னுடையதைவிட நன்றாக. நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் வருகிறேன், எனக்கே செய்து காட்டு. ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்திருப்பேன். முதலில் போடும் சீட்டை மட்டும் மறந்துவிடாதே.

உன்,
பழைய கூட்டாளி