கையெழுத்துப் போடுவதற்கு முன், செல்விக்கு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. சொட்டு மருந்து விடும் நேரங்களைச் சுற்றியே என் நாட்கள் ஓடியதால் உடனே எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். நேற்று எதிர்ச் சுவரில் தொங்கும் காலண்டரின் தேதியைக் கண்ணாடி இல்லாமல் படித்துச் சொன்னார். உன் மகள் வேலையில் சேர்ந்த செய்தியைச் சொன்னேன். "அந்த வாயாடிக் குட்டியா?" என்று கேட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

சரி, உங்கள் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் கேட்கும் அந்த ஷரத்து விஷயத்துக்கு வருகிறேன். "நாங்கள் பயன்படுத்துவது எல்லாமே இலவச ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிதான், அதனால் அந்த ஷரத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பங்குதாரர் சொல்கிறார்" என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து போடாதே. இதைப் படித்து முடிக்கும்வரையாவது போடாதே.

அந்த ஷரத்தை நீ அப்படியே நகலெடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. உங்கள் மென்பொருளில் உள்ள எதுவும் உலகின் எந்த நாட்டிலும் எவருடைய பேட்டன்டையும், அதாவது கண்டுபிடிப்பின் மேலுள்ள தனியுரிமையையும், மீறவில்லை என்று நீ உறுதி தர வேண்டும். மீறியதாக வழக்கு வந்தால் அவர்களுக்கு ஆகும் முழுச் செலவும் உன் தலையில். 12 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம் உலகம் முழுவதற்கும் உறுதி கொடுப்பதாவது!

பேட்டன்ட் என்றே எழுதுகிறேன், கவனித்தாயா? காப்புரிமை என்று எழுதினால் தமிழில் பாதிப் பேர் அதைப் பதிப்புரிமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். உன் பங்குதாரரின் குழப்பமும் இந்த இடத்தில்தான். ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் முதலில் தருவது பதிப்புரிமை தொடர்பான அனுமதி. நான் எழுதிய இந்த நிரலை நீ எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்றுக்கொள் என்று எழுதியவர் சொல்கிறார். அந்த நிரலுக்குள் இருக்கும் கணித முறைக்கு வேறொருவர் பேட்டன்ட் வைத்திருந்தால், அதற்கு இவர் எப்படி அனுமதி தர முடியும்? வீடு தானமாகக் கிடைத்துவிட்டது, ஆனால் வாசலுக்குப் போகும் பாதை பக்கத்து நிலத்துக்காரருடையது. வீட்டைக் கொடுத்தவரின் பத்திரத்தை எத்தனை முறை படித்தாலும் அந்தப் பாதை உனக்கு வராது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் 2002-ல் வேலை பார்த்த நிறுவனம் உனக்கு நினைவிருக்கும். வாடிக்கையாளர்களின் ஆவணங்களைக் குறியாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி, காப்பகத்தில் சேமிக்கும் மென்பொருளை விற்றுக்கொண்டிருந்தோம். அதற்குள் இருந்த சைஃபரின், அதாவது பூட்டித் திறக்கும் கணித முறையின், பெயர் ஐடியா. எனக்கு முன்னால் இருந்த ஒருவர், மின்னஞ்சலைப் பூட்டும் பிரபல மென்பொருளான பிஜிபி-யே அதைப் பயன்படுத்துகிறது, அப்புறம் என்ன என்று அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒரு நாள் இரவு ஏதோ ஒரு கம்பைல் பிழையைத் தேடிக்கொண்டிருந்தபோது, குறியாக்க வேலைகளுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியோடு வரும் ரீட்மீ என்ற குறிப்புக் கோப்பை முதன்முறையாகக் கடைசிவரை படித்தேன். அதில் பேட்டன்டுகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. பல நிறுவனங்கள் பல நாடுகளில் பல முறைகளுக்குப் பேட்டன்ட் வைத்திருக்கின்றன, உன் நாட்டில் எது செல்லும் என்று பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு என்று பெரிய எழுத்தில் சொல்லியிருந்தார்கள். கீழே ஒரு பட்டியல். ஆர்சி5, எம்டிசி2 என்ற வேறு முறைகளோடு ஐடியாவும் இருந்தது. ஸ்விட்சர்லாந்தின் அஸ்காம் நிறுவனத்தின் பேட்டன்ட் பல நாடுகளில் நடப்பில் இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டுமானால் 'நோ-ஐடியா' என்று சேர்த்துக் கம்பைல் செய்துகொள் என்ற குறிப்பு. சொந்த உபயோகத்துக்கு இலவசம், வியாபாரத்துக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பதுதான் அப்போது இருந்த ஏற்பாடு. நாங்கள் வாங்கியிருக்கவில்லை. மூன்று வருடமாக விற்றுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "யாரும் கேட்கவில்லையே, கேட்கும்போது பார்க்கலாம்" என்றார். எனக்கு அந்தப் பதில் அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு பெரிய வாடிக்கையாளர், உனக்கு வந்ததைப் போன்ற ஒரு ஷரத்தோடு வந்தார். அவசர அவசரமாக ஏஇஎஸ் என்ற வேறொரு சைஃபருக்கு மாறினோம். புதிய கோப்புகளை மாற்றுவது இரண்டு வார வேலை. ஆனால் பழைய கோப்புகள்? அவற்றைத் திறப்பதற்கும் அதே ஐடியாதான் வேண்டும். பேட்டன்ட் பூட்டுவதற்கு மட்டும் இல்லை, திறப்பதற்கும்தான். கடைசியில் லைசென்ஸ் வாங்கி, வாடிக்கையாளர் வாடிக்கையாளராகப் போய்ப் பழையவற்றைத் திறந்து மறுபடி பூட்டினோம். கிட்டத்தட்ட ஒரு வருடம் போயிற்று. ஐடியாவின் பேட்டன்டுகள் காலாவதியானது 2012-ல்தான். இப்போது அது யாருக்கும் பொது.

நீ கேட்ட முக்கியமான கேள்வி, "கணக்குக்கெல்லாம் எப்படிடி பேட்டன்ட் தருகிறார்கள்?" என்பது. நியாயமான கேள்வி. வெறும் கணிதத்துக்குத் தருவதில்லை. 'இந்தக் கணிதத்தைக் கொண்டு செய்தி அனுப்பும் ஒரு முறையும் கருவியும்' என்று எழுதி வாங்குகிறார்கள். ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையையே எடுத்துக்கொள். ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் 1977-ல் கண்டுபிடித்தார்கள். அந்த டிசம்பரில் எம்ஐடி பல்கலைக்கழகம் விண்ணப்பித்து, 1983-ல் அமெரிக்கப் பேட்டன்ட் கிடைத்தது. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே அந்த முறை அச்சில் வெளியாகிவிட்டது. வெளியான பிறகு விண்ணப்பிக்க ஒரு வருட அவகாசம் தரும் சட்டம் அமெரிக்காவில் இருந்தது. மற்ற பெரும்பாலான நாடுகளில், வெளியானால் போயிற்று. அதனால் ஆர்எஸ்ஏ அமெரிக்காவுக்குள் லைசென்ஸ் வேண்டிய சொத்து, எல்லைக்கு வெளியே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுச் சொத்து. ஒரே நிரல்தான், நாடு மாறினால் சட்டம் மாறிவிடும். 'உலகின் எந்த நாட்டிலும்' என்ற சொற்களைக் கண்டு நான் பதறுவது இதனால்தான்.

ஃபில் ஸிம்மர்மன் 1991-ல் பிஜிபி-யை இலவசமாக வெளியிட்டபோது இதே தகராறு வந்தது. ஆர்எஸ்ஏ-வுக்கு அவரிடம் லைசென்ஸ் இல்லை. பிற்பாடு அமெரிக்காவில் வியாபாரம் இல்லாத உபயோகத்துக்கு எம்ஐடி வெளியிட்ட பதிப்பு, நிறுவனங்களுக்கு வயாகிரிப்ட் என்ற கம்பெனி விற்ற பதிப்பு, வெளிநாடுகளுக்கு வேறொரு பதிப்பு என்று மூன்று வழிகள் ஓடின. சாதாரண மனிதர்களின் கடிதங்களைக் காக்க வந்த ஒரு கருவி, யார் எங்கே எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பிரிய வேண்டியிருந்தது. ஆர்எஸ்ஏ பேட்டன்ட் 2000 செப்டம்பர் 20 அன்று முடிய வேண்டியது. அதற்கான உரிமத்தை வைத்திருந்த ஆர்எஸ்ஏ செக்யூரிட்டி நிறுவனமே இரண்டு வாரம் முன்னதாக, 6-ஆம் தேதி, அதைப் பொதுவுக்கு விட்டுவிட்டது.

இதைவிட என் மனதை உறுத்துவது ஓசிபி-யின் கதை. செய்தியைப் பூட்டுவதையும், யாரும் நடுவில் மாற்றவில்லை என்று சரிபார்ப்பதையும் ஒரே ஓட்டத்தில் செய்துவிடும் மிக அழகான முறை அது. பிலிப் ரோகவேயும் அவரோடு சேர்ந்தவர்களும் 2001-ல் வெளியிட்டார்கள். வைஃபையின் பாதுகாப்பைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்த குழு அதை முதலில் வரைவில் சேர்த்தது. பேட்டன்ட் இருப்பது தெரிந்ததும், ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முறை உழைக்கும் சிசிஎம் என்ற முறையை உருவாக்கி அதைக் கட்டாயமாக்கினார்கள். டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்புத் தரத்தில் ஓடும் வைஃபை இன்றுவரை அந்தச் சுற்றுவழியில்தான் ஓடுகிறது. ரோகவே பிறகு இலவச லைசென்ஸ்கள் கொடுத்துப் பார்த்தார். 2021-ல் பேட்டன்டுகளையே கைவிட்டார். அதற்குள் உலகம் ஜிசிஎம் என்ற பேட்டன்ட் இல்லாத முறைக்குப் போய்விட்டது. ஒரு நல்ல முறை 20 வருடம் அலமாரியில் கிடந்ததை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அப்புறம், "இத்தனை பழைய முறைகளுக்கு இப்போது யார் வந்து கேட்கப் போகிறார்கள்?" என்று உன் பங்குதாரர் கேட்பார். நியூஎக் வழக்கை அவரிடம் சொல். இணையத்தில் கடை நடத்தும் அமெரிக்க நிறுவனம் அது. இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல்-லையும் ஆர்சி4 என்ற சைஃபரையும் சேர்த்துப் பயன்படுத்துவதே எங்கள் பேட்டன்டை மீறுவதுதான் என்று டிகியூபி என்ற நிறுவனம் வழக்குப் போட்டது. அந்த நிறுவனம் எந்தப் பொருளும் தயாரிக்கவில்லை. பேட்டன்டைக் கையில் வைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் பணம் கேட்டது, பலரும் வழக்குச் செலவுக்கு அஞ்சிக் கொடுத்துவிட்டார்கள். நியூஎக் எதிர்த்து நின்றது. பூட்ட ஒரு சாவி, திறக்க வேறொரு சாவி என்ற பொதுச் சாவிக் குறியாக்கத்தின் தந்தைகளில் ஒருவரான விட்ஃபீல்ட் டிஃபியே அவர்களுக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறினார். அப்படியிருந்தும் 2013-ல் நடுவர் குழு 23 லட்சம் டாலர் கொடு என்றது. 2015-ல் நீதிபதி அதைத் திருப்பி, மீறல் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். கவனி, விசாரணை நடந்தபோது அந்தப் பேட்டன்ட் காலாவதியாகியிருந்தது. அமெரிக்கச் சட்டப்படி வழக்குப் போட்ட நாளிலிருந்து பின்னோக்கி ஆறு வருடத்துக்கு நஷ்ட ஈடு கேட்கலாம். முடிந்துபோன பேட்டன்டுக்கும் இப்படி ஒரு வால் உண்டு.

இவ்வளவும் படித்துவிட்டு, உன் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தாயே, "பேசாமல் குறியாக்க வசதியையே எடுத்துவிடலாமா" என்று, அந்த எண்ணத்துக்கு மட்டும் போய்விடாதே. உங்களை நம்பி மருத்துவ அறிக்கைகளைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பேட்டன்ட் வராமல் இருக்க நாமே ஒரு சைஃபர் எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதற்கும் சம்மதிக்காதே. அதில் ஓட்டை இருக்கும், பேட்டன்டும் இருக்கலாம்.

உண்மையில் நீங்கள் நிற்கும் இடம் அவ்வளவு மோசமில்லை. நீங்கள் பயன்படுத்துவது ஏஇஎஸ் என்று எழுதியிருந்தாய். 1997-ல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் அதற்குப் போட்டி அறிவித்தபோதே, உலகில் யாரும் ராயல்டி இல்லாமல் பயன்படுத்தக் கிடைக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். டேமன், ரெய்மன் என்ற இரண்டு பெல்ஜியக்காரர்கள் செய்ததை 2001-ல் தரமாக்கினார்கள். நீங்கள் வைத்திருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0, அப்பாச்சி 2.0 லைசென்ஸில் வருகிறது. அதில் பங்களித்தவர்கள், தங்கள் பங்களிப்புக்குத் தேவையான தங்கள் பேட்டன்டுகளுக்கும் சேர்த்தே அனுமதி தருகிறார்கள். அந்த மென்பொருள் பேட்டன்டை மீறுகிறது என்று நீ யார் மீதாவது வழக்குப் போட்டால் உனக்குத் தந்த பேட்டன்ட் அனுமதி போய்விடும். ஆனாலும் வெளியாள் ஒருவரின் பேட்டன்டிலிருந்து அந்த லைசென்ஸ் உன்னைக் காக்காது என்பதை மறக்காதே.

குவாண்டம் கணினிகளைத் தாங்கும் புதிய முறையைச் சேர்க்கப்போவதாகச் சொன்னாயே, அதில் மட்டும் உன் பொறியாளர்களை ஒரு முறை உட்கார வைத்துப் பேசு. 2024-ல் நிஸ்ட் வெளியிட்ட எம்எல்-கெம் என்ற தரம், கைபர் என்ற முறையிலிருந்து வந்தது. அதன் மேல் சிலருடைய பேட்டன்ட் கோரிக்கைகள் இருந்ததால் நிஸ்டே முன்வந்து அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. அந்த அனுமதி தரத்தில் சொன்ன முறைக்குத்தான். வேகத்துக்காக நாமே கொஞ்சம் மாற்றிக்கொள்வோம் என்று கை வைத்தால் அனுமதிக்கு வெளியே போய்விடுவீர்கள்.

ஷரத்தைப் பற்றி என் யோசனை இது. 'எங்களுக்குத் தெரிந்தவரை' என்ற சொற்களைச் சேர்க்கச் சொல். நாடுகளின் பெயரைக் குறிப்பிடச் சொல், நீங்கள் விற்கும் நாடுகள் மட்டும் போதும். பொறுப்புக்கு ஒரு உச்சவரம்பு வை, ஒப்பந்தத் தொகைக்கு மேல் போகக் கூடாது. உன் மென்பொருளை அவர்கள் வேறொன்றோடு இணைத்து அதனால் தகராறு வந்தால் அது உன்னைச் சேராது என்று எழுது. புகார் வந்தால் அந்தப் பகுதியை மாற்றிக் கொடுக்கும் உரிமை உனக்கு இருக்கட்டும். பெரிய வாடிக்கையாளர்கள் முதலில் முறைப்பார்கள், பிறகு பாதிக்காவது ஒத்துக்கொள்வார்கள். அப்படித்தான் நான் பார்த்திருக்கிறேன். பேட்டன்ட் தெரிந்த வக்கீலிடம் ஒரு மணி நேரம் செலவழி. அதற்கு முன்னால் அலுவலக மின்னஞ்சலில் 'நாம் மீறுகிறோம் போலிருக்கிறது' என்று யாரும் எழுதி வைக்க வேண்டாம். தெரிந்தே மீறியதாக நிரூபணமானால் அமெரிக்காவில் நஷ்ட ஈட்டை மூன்று மடங்கு வரை உயர்த்த நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதே. எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, எந்த லைசென்ஸ், அதில் உண்மையில் எந்த முறைகள் இயங்குகின்றன என்று ஒரு தாளில் எழுதச் சொல். பழைய கோப்புகளைத் திறக்க மட்டும் வைத்திருக்கும் முறைகளையும் சேர்த்துத்தான். அந்தத் தாளை எனக்கும் அனுப்பு, நான் வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன். வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கடைசிப் பரிசோதனை. அதற்குப் பிறகு எனக்கு நேரம் இருக்கிறது.

வாயாடிக் குட்டிக்கு என் அன்பைச் சொல்.

உன்,
ரேவதி